80 ஜிபி காலியாக இருந்தும் இரண்டாவது இயங்குதளத்தை நிறுவ முடியவில்லை

கேள்வி: வெள்ளவத்தைக் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். நான் புறக்கோட்டையில் உள்ள ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் பயன்படுவது 2014ஆம் ஆண்டில் வாங்கிய ஒரே மடிக்கணினிதான். அதில் விண்டோஸ் 10 இயங்குகிறது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. எனது செயலியோ விண்டோஸ் 11க்குத் தகுதியானதன்று. கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவதால் அதை நீக்கவும் வழியில்லை. ஆகவே, விண்டோஸை இணையத்துடன் இணைக்காமல் கணக்கு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி, மின்னஞ்சல் போன்றவற்றுக்கு லினக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் 22ஐ அதே கணினியில் இரண்டாவது இயங்குதளமாக நிறுவலாம் என்று முடிவெடுத்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கடையில் கொடுத்து பழைய வன்தட்டை எடுத்துவிட்டு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டிருந்தேன். விண்டோஸின் வட்டு நிர்வாகக் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்டில் அது 465.76 ஜிபி என்று காட்டுகிறது. முதலில் ‘சிஸ்டம் ரிசேர்வ்ட்’ என்று 500 எம்பி, அடுத்து விண்டோஸ் உள்ள சி ஏறத்தாழ 146 ஜிபி, அதையடுத்து பெயரில்லாத 520 எம்பி அளவிலான மீட்புப் பிரிவு, கடைசியில் டி ஏறத்தாழ 318 ஜிபி என்ற ஒழுங்கில் பிரிவுகள் இருந்தன. சியில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், அதைச் சுருக்க முயன்றபோது வெறும் 4 ஜிபிக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. காரணம் புரியாததால் அதை விட்டுவிட்டு டியைச் சுருக்கினேன். அது தடையின்றி நடந்து, வட்டின் கடைசியில் 80 ஜிபி ஒதுக்கப்படாத இடமாகக் கிடைத்தது.

பென்டிரைவிலிருந்து மிண்டை ஆரம்பித்து நிறுவலுக்குப் போனால், அந்த 80 ஜிபிக்கு நேரே ‘பயன்படுத்த முடியாதது’ என்ற பொருளில் ‘அன்யூசபிள்’ என்று எழுதியிருக்கிறது. புதிய பிரிவை உருவாக்கும் கூட்டல் குறியும் மங்கிக் கிடக்கிறது. விண்டோஸுக்குத் திரும்பி அங்கிருந்தே பிரிவை உருவாக்கலாம் என்று பார்த்தேன். தெரிவுசெய்த வட்டு ‘டைனமிக் டிஸ்க்’ ஆக மாற்றப்படும், சம்மதமா என்று ஓர் எச்சரிக்கை வந்தது. எனக்குப் பயமாக இருந்ததால் வேண்டாம் என்று அழுத்தி வெளியே வந்துவிட்டேன்.

இடம் கண்முன்னே இருக்கும்போது அது ஏன் பயன்படாமல் போகிறது? அந்த டைனமிக் மாற்றத்துக்குச் சம்மதிக்கலாமா? முழு வட்டையும் அழித்துத்தான் தொடங்க வேண்டும் என்றால், மார்ச் 31இல் முடியும் கணக்காண்டு நெருங்கும் இந்த வேளையில் எனக்கு அது இயலாத காரியம். எதிலிருந்து கணினியைத் தொடங்குவது என்று தெரிவுசெய்யும் பூட் பட்டியலில் பென்டிரைவின் பெயர் இரண்டு தடவை வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றின் முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்று இருக்கிறது, மற்றதில் இல்லை. நான் இதுவரை முதலாவதையே தெரிவுசெய்து வந்திருக்கிறேன்.

மறுமொழி 1: கொட்டாஞ்சேனைத் தொழில்நுட்பர்

வணக்கம் ஐயா. அந்த எச்சரிக்கைக்கு வேண்டாம் என்று அழுத்தியது மிகச் சரியான முடிவு. இனியும் சம்மதிக்க வேண்டாம். உங்கள் வட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை; அந்த இடத்தைப் பதிவுசெய்யும் அட்டவணைதான் நிரம்பிவிட்டது.

அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வட்டில் இருப்பது எம்பிஆர், அதாவது ‘மாஸ்டர் பூட் ரெக்கோர்ட்’ என்ற பழைய முறை. 1983ஆம் ஆண்டு பிசி டொஸ் 2.0 உடன் வந்தது அது. வட்டின் முதலாவது துண்டான 512 பைட்டுக்குள் கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலுக்கு 446 பைட்டுகள், பிரிவு அட்டவணைக்கு 64 பைட்டுகள், இறுதி அடையாளத்துக்கு 2 பைட்டுகள் என்று எல்லாம் அடங்கியாக வேண்டும். ஒரு பிரிவின் விவரத்தை எழுத 16 பைட்டுகள் தேவைப்படுவதால், 64 பைட்டுக்குள் நான்கு பிரிவுகளுக்கு மேல் எழுத முடியாது. நீங்கள் சொன்ன பட்டியலை எண்ணிப் பாருங்கள்: சிஸ்டம் ரிசேர்வ்ட், சி, மீட்புப் பிரிவு, டி. நான்கும் முதன்மைப் பிரிவுகள். ஐந்தாவதை எழுத வரி இல்லை. அதனால்தான் 80 ஜிபி அல்ல, 300 ஜிபி காலியாக இருந்தாலும் மிண்ட் அதைப் பயன்படாத இடம் என்றே காட்டும்.

இதற்கு அந்தக் காலத்திலேயே கண்ட வழி, நான்கில் ஒரு வரியை ‘எக்ஸ்டெண்டட்’ பிரிவாக வைத்து, அதன் உள்ளே தேவையான அளவுக்கு ‘லொஜிக்கல்’ பிரிவுகளை உருவாக்குவதாகும். விண்டோஸ் அல்லாமல் லினக்ஸ் என்றால் லொஜிக்கல் பிரிவிலிருந்தும் எந்தக் குறையுமின்றித் தொடங்கும். ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு வரிதான். நான்கில் விட்டுக்கொடுக்கக்கூடியது அந்த 520 எம்பி மீட்புப் பிரிவு. சி, டி இரண்டிலும் ஒரு கோப்பைக்கூட நகர்த்த வேண்டியிருக்காது.

தொடங்குவதற்கு முன் கணக்குத் தரவையும் குடும்பப் படங்களையும் வெளியே ஒரு வட்டில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பாருங்கள். நகலெடுத்தோம் என்ற நம்பிக்கையில், திறந்து பார்க்காமலே வட்டைக் கொண்டுவந்து தந்து பின்னர் கண்கலங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு விண்டோஸில், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘ரீஏஜென்ட்சி’ என்ற கட்டளையால் மீட்புச் சூழலை முடக்குங்கள். அவ்வாறு முடக்கும்போது மீட்புக்கான கோப்பு சிக்குள் திரும்பி வந்துவிடும். இதைச் செய்யாமல் பிரிவை அழித்தால் அந்தக் கோப்பும் சேர்ந்து போய்விடும். அதன்பின் மிண்டின் பென்டிரைவிலிருந்து தொடங்கி, நிறுவலை ஆரம்பிக்காமல், அதிலேயே உள்ள ஜிபார்டெட் என்ற கருவியைத் திறந்து 520 எம்பி பிரிவை மட்டும் அழியுங்கள். அருகில் 500 எம்பியில் இன்னொன்று இருக்கிறது. அளவு கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் கண் தவறிவிடக்கூடும். 500 எம்பி பிரிவுக்கு நேரே ‘பூட்’ என்ற கொடி இருக்கும். அதைத் தொட்டால் விண்டோஸ் எழும்பாது. அழித்த பின், கடைசியில் உள்ள 80 ஜிபியை எக்ஸ்டெண்டட் பிரிவாக்கி, அதனுள் முழு அளவில் லினக்ஸின் கோப்பு முறையான ‘எக்ஸ்ட்4’ கொண்ட ஒரு லொஜிக்கல் பிரிவை உருவாக்குங்கள். நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வொப்புக்கென்று தனிப் பிரிவு வேண்டாம். மிண்ட் அதை ஒரு கோப்பாகவே உருவாக்கிக்கொள்ளும். மிண்டுக்குக் குறைந்தபட்சம் 20 ஜிபி, வசதியாக வேண்டுமென்றால் 100 ஜிபி என்று சொல்லப்படுகிறது. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் 80 ஜிபி தாராளம்.

எக்ஸ்டெண்டட் பிரிவு வட்டின் கடைசியில் இருந்தும் அதற்கு 3 என்ற எண் கிடைக்கலாம், உள்ளிருக்கும் லொஜிக்கல் பிரிவின் எண் 5 ஆகத்தான் இருக்கும். எண் வரிசை குழம்பிவிட்டதே என்று கலங்க வேண்டாம்.

நீங்கள் கடைசியில் தற்செயலாகச் சொன்ன பென்டிரைவ் விவரம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. உங்கள் விண்டோஸ் எம்பிஆர் வட்டிலிருந்து தொடங்குகிறது என்றால் அது கணினியைத் தொடக்கிவைக்கும் பழைய முறையான பயோஸ் முறையில்தான் தொடங்குகிறது; யூஇஎஃப்ஐ என்பது அதற்குப் பின்வந்த புதிய முறை. ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ சாளரத்தில் ‘பயோஸ் மோட்’ என்ற வரியில் ‘லெகசி’ என்று இருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். அப்படியானால் மிண்டையும் அதே முறையில், அதாவது முன்னால் யூஇஎஃப்ஐ என்று இல்லாத வரியைத் தெரிவுசெய்து, தொடங்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு முறையில் இருந்தால் மிண்டின் தொடக்கப் பட்டியலிலிருந்து விண்டோஸுக்குப் போக முடியாது. ஒவ்வொரு தடவையும் பயோஸுக்குள் நுழைந்து மாற்ற வேண்டிவரும். நிறுவியின் கடைசிப் பக்கத்தில், இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடர் எங்கே பதியப்பட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் உள்வட்டைக் காட்டுங்கள்; பென்டிரைவைக் காட்டிவிட்டால் அதைக் கழற்றிய பின் மிண்ட் தொடங்காது.

சி ஏன் 4 ஜிபிக்கு மேல் சுருங்கவில்லை என்பதற்குக் காரணம், விண்டோஸால் நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் எங்கோ இருப்பதுதான். உறக்கநிலைக் கோப்பு, பேஜ்ஃபைல், மீட்புப் புள்ளிகள் ஆகியவை வழக்கமான காரணிகள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால் தடுத்த கோப்பின் பெயரே கிடைக்கும். டி சுருங்கிவிட்டதால் உங்களுக்கு இனி அது தேவையில்லை.

மறுமொழி 2: தெஹிவளைவாசி

விண்டோஸ் தனக்கே உரிய முறையில் பிரிவுகளைப் பதியும் டைனமிக் டிஸ்க் பற்றி என் அனுபவத்தையும் எழுதிவைக்கிறேன், இதே எச்சரிக்கையைப் பார்த்து இங்கே தேடி வருகிறவர்களுக்கு உதவும். எனக்கும் இதே நான்கு பிரிவுச் சிக்கல் வந்தபோது, எச்சரிக்கையை முழுமையாக வாசிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டேன். விண்டோஸ் அப்போதைக்கு எந்தக் குறையுமின்றி இயங்கியது. ஐந்தாவது பிரிவும் கிடைத்தது. ஆனால் லினக்ஸ் நிறுவிக்கு அந்தப் பிரிவுகள் நிறுவத்தக்க சாதாரணப் பிரிவுகளாகத் தெரியவே இல்லை. பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், விண்டோஸுடன் வரும் கருவிகளைக் கொண்டு டைனமிக் வட்டை மீண்டும் ‘பேசிக்’ எனப்படும் சாதாரண வட்டாக்க வேண்டுமானால் அதில் உள்ள எல்லாப் பிரிவுகளையும் முதலில் அழித்தாக வேண்டும். போவதற்கு ஒரு சொடுக்கு, திரும்பி வருவதற்கு முழு வட்டு. தம்பியின் கல்லூரி வேலைகளும் அதில் இருந்தபடியால் மூன்று இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். டைனமிக் டிஸ்க் முறையை மைக்ரோசொஃப்ட்டே கைவிடப்பட்ட ஒன்றாக அறிவித்துவிட்டது என்பதை அதன்பின்தான் அறிந்தேன்.

மறுமொழி 3: பொரளைப் பொறியியலாளர்

கொட்டாஞ்சேனை நண்பர் சொன்ன வழி பிழையற்றது. ஆயினும் அது பழைய முறைக்கே ஒட்டுப்போடுவது என்பது என் கருத்து. 2014ஆம் ஆண்டுக் கணினியில் பென்டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற பெயரிலும் வருகிறது என்றால் அந்தக் கணினி புதிய முறையை ஏற்கிறது. எஸ்எஸ்டி போட்ட கடையில்தான் பழைய முறையில் நிறுவியிருக்கிறார்கள். வட்டை எம்பிஆருக்குப் பின்வந்த ஜிபிடி என்ற புதிய பிரிவு அட்டவணை முறைக்கு மாற்றினால், விண்டோஸின் கீழ் 128 பிரிவுகள் வரை வைத்துக்கொள்ளலாம். முதன்மை, லொஜிக்கல் என்ற பாகுபாடே இல்லை. அட்டவணையின் ஒரு படி வட்டின் இறுதியிலும் எழுதப்படுவதால், தொடக்கத்தில் உள்ளது பழுதானாலும் மீட்க வழி இருக்கும்.

வட்டை அழிக்காமலே இதைச் செய்ய ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது. எதையும் மாற்றாமல் வட்டு தகுதியானதா என்று மட்டும் சோதித்துச் சொல்லும் வசதியும் அதில் உண்டு. அதன் நிபந்தனைகளில் ஒன்று, முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. எக்ஸ்டெண்டட் பிரிவும் இருக்கக் கூடாது. இப்போதைய நிலையில் உங்கள் வட்டு அந்தச் சோதனையில் தேறாது. டியில் உள்ள அனைத்தையும் வெளியே எடுத்து, டியை அழித்துவிட்டால் மூன்று மிஞ்சும். அப்போது மாற்றி, பயோஸில் தொடக்க முறையையும் யூஇஎஃப்ஐக்குத் திருப்பி, விண்டோஸ் ஒழுங்காக எழும்புகிறதா என்று பார்த்த பின் டியையும் மிண்டுக்கான இடத்தையும் புதிதாக உருவாக்கலாம். இன்று கூடுதலாகச் சில மணி நேரம் போகும். ஆனால் இந்த நான்கு வரிச் சிக்கல் உங்களுக்கு மீண்டும் வரவே வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலாவது வழியில் எக்ஸ்டெண்டட் பிரிவை உருவாக்கிவிட்டால், பின்னொரு நாள் இந்தக் கருவியைப் பயன்படுத்தும் வாசல் அடைபட்டுவிடும்.

மறுமொழி 4: கொட்டாஞ்சேனைத் தொழில்நுட்பர்

பொறியியலாளர் சொல்வதை நான் மறுக்கவில்லை. வட்டு புதியதாக இருந்தால், அல்லது விண்டோஸையும் சேர்த்து முதலிலிருந்து நிறுவுவதாக இருந்தால், ஜிபிடி தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே நான் பார்ப்பது இரண்டு விடயங்களை. ஐயாவுக்குக் கணக்காண்டு முடியும் தறுவாய். விண்டோஸ் ஒரு நாள் எழும்பாமல் போனாலும் அவருடைய வேலை நின்றுவிடும். எம்பிஆர்2ஜிபிடி விண்டோஸின் தொடக்க ஒழுங்கையே மாற்றுகிறது; நான் சொன்ன வழி அதைத் தொடுவதில்லை.

மற்றது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முன்னறிவித்தல் இன்றி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பத்து ஆண்டுகளைக் கடந்த மடிக்கணினியின் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஐயாதான் சொல்ல வேண்டும். பிரிவை அழிப்பதும் உருவாக்குவதும் அட்டவணையில் சில பைட்டுகளை எழுதும் வேலை, கணப்பொழுதில் முடிந்துவிடும். பிரிவை இடம் நகர்த்துவதோ ஜிபி கணக்கில் தரவை எடுத்து எழுதும் வேலை. நடுவில் மின்சாரம் போனால் பாதி அங்கும் பாதி இங்குமாக நின்றுவிடும். எந்த வழியில் போனாலும் ‘மூவ்’ என்ற சொல் ஜிபார்டெட்டின் பணிப் பட்டியலில் வந்தால் அதை நிறைவேற்றாமல் ஒரு தடவை நிறுத்தி யோசியுங்கள்.

மறுமொழி 5: பம்பலப்பிட்டி மாணவி

ஐயா, இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மடிக்கணினி புதியது, விண்டோஸ் 11 இருக்கிறது. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் நிறுவியில் எனக்குப் பிரிவு அல்ல, வட்டே தெரியவில்லை. பென்டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. பயோஸில் ‘ஆர்எஸ்டி’ என்ற ஒன்றை மாற்றினால் சரியாகும் என்று வகுப்புத் தோழி சொன்னாள். மாற்றலாமா?

மறுமொழி 6: கொட்டாஞ்சேனைத் தொழில்நுட்பர்

மகள், உங்கள் தோழி சொன்ன காரணம் சரி. ஆனால் அப்படியே மாற்றிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற ஒழுங்கில் வட்டு இருக்கும்போது பல நிறுவிகளுக்கு அது தெரிவதில்லை. ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸ் பழைய இயக்கியையே எதிர்பார்த்துத் தொடங்கும். அதற்காக, முதலில் விண்டோஸை அடுத்த தடவை ‘சேஃப் மோட்’ இல் தொடங்குமாறு அமைத்து, பின்னர் பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை எழும்ப விட்டு, அதன்பின் வழக்கமான தொடக்கத்துக்குத் திருப்ப வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லொக்கர் அல்லது ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 உள்ள புதிய கணினிகளில் மைக்ரோசொஃப்ட் கணக்குடன் நுழையும்போது அது தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கலாம். பயோஸில் கைவைத்ததும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் வட்டில் உள்ள எதையும் திறக்க முடியாது. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே பயோஸுக்குள் போங்கள். எண் கையில் இல்லையென்றால் இன்று எதையும் மாற்ற வேண்டாம்.

மறுமொழி 7: வெள்ளவத்தைக் கணக்கர்

நேற்றுப் பௌர்ணமி விடுமுறை என்பதால் காலையிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டேன். பொறியியலாளர் சொன்னது என் மனத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்து வட்டு மாற்றும்போது கட்டாயம் ஜிபிடியில்தான் நிறுவுவேன். மின்கலம் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பதால் இப்போதைக்கு முதலாவது வழியைத் தெரிவுசெய்தேன். பயோஸ் மோட் லெகசி என்றே இருந்தது. மீட்புச் சூழலை முடக்கி, 520 எம்பி பிரிவை அழித்ததும், ‘அன்யூசபிள்’ என்ற சொல் மறைந்து 80 ஜிபி காலியிடமாகத் தெரிந்தது. மிண்ட் நிறுவப்பட்டு, தொடக்கப் பட்டியலில் விண்டோஸும் வருகிறது. இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இரண்டு சிறிய சிக்கல்கள் மிஞ்சியிருக்கின்றன. மிண்டிலிருந்து டியைத் திறந்து வாசிக்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை. மற்றது எனக்குச் சற்றுக் கவலை தருகிறது: மிண்டைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் பின்தங்கிக் காட்டுகிறது. இன்று அதிகாலை ஐந்து மணிக்குப் பற்றுச்சீட்டுகளைப் பதிய உட்கார்ந்தபோது முதல் நாள் இரவு 11:30 என்றிருந்தது. நான்கு பதிவுகள் முதல் நாள் திகதியில் விழுந்த பின்னரே கவனித்தேன். வட்டில் ஏதேனும் பழுதாகிவிட்டதா?

மறுமொழி 8: கொட்டாஞ்சேனைத் தொழில்நுட்பர்

வட்டில் ஒரு பழுதும் இல்லை ஐயா. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது; லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், உங்களுக்குச் சரியாக ஐந்தரை மணி நேரம் குறைந்திருக்கிறது. இணையத்தில் இணைந்திருந்தால் விண்டோஸ் காலப்போக்கில் தன்னைத் திருத்திக்கொள்ளும். நீங்கள் அதை இணைப்பதில்லை. ஆகவே மிண்டில், ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையைக் கொண்டு வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு அமைத்துவிடுங்கள். இலங்கையில் இப்போது கோடைக்கால நேரமாற்றம் எதுவும் இல்லாததால் இந்த ஒழுங்கால் நமக்குச் சிக்கல் வராது. அதன்பின் விண்டோஸில் நேரத்தை ஒரு தடவை கையால் திருத்தினால் போதும்.

டிக்குக் காரணம் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணையாமல், பாதி உறக்கத்தில் பிரிவுகளைப் பிடித்துக்கொண்டே போகிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் மிண்ட் வாசிக்க மட்டும் அனுமதிக்கிறது. அதைக் கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் வழிகளை இணையத்தில் காண்பீர்கள்; கணக்குத் தரவு உள்ள பிரிவில் அவற்றைச் செய்ய வேண்டாம். விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில், மின்பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நீக்கி, ஒரு தடவை முழுமையாக அணைத்துவிட்டு மிண்டுக்கு வாருங்கள்.

‘ரீஏஜென்ட்சி’ கட்டளையால் மீட்புச் சூழலை மீண்டும் இயக்கிவிட்டீர்களா? அது இனிச் சியிலேயே இருக்கும். சிக்கும் டிக்கும் நடுவில் வெறுமையாகக் கிடக்கும் 520 எம்பியை விரும்பினால் டிஸ்க் மேனேஜ்மென்டில் சியுடன் சேர்த்துக்கொள்ளலாம்; விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை. அந்த நான்கு பற்றுச்சீட்டுகளின் திகதியை மறக்காமல் இன்றே திருத்திவிடுங்கள்.

மறுமொழி 9: வெள்ளவத்தைக் கணக்கர்

கடிகாரம் சரியாகிவிட்டது. டியில் சேமிக்கவும் முடிகிறது. மீட்புச் சூழலை இயக்க மறந்திருந்தேன், இப்போது இயக்கிவிட்டேன். நான்கு பற்றுச்சீட்டுகளும் திருத்தப்பட்டன.